பிலோமியின் வீட்டைக் காணவில்லை

அத்தியாயம் 6

தூத்துக்குடியில் ஆள் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார்கள். படகு காணாமல் போனால் மீன்வளத் துறைக்குப் போவார்கள். வீடு காணாமல் போனால் எங்கே போக வேண்டும் என்று எந்த அரசாணையிலும் எழுதவில்லை. அதனால் பிலோமி, லாரி புக்கிங் ஆபீஸுக்கு மேல்மாடியில் இருந்த சங்கரம்மாள் துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வந்தாள்.

வந்தவள் மேஜை மேல் ஒரு சாவியை வைத்தாள்.

"என் வீட்டக் கண்டுபிடிச்சுத் தரணும்."

"சாவி இருக்கு, வீட்டக் காணுமா?" உதவியாளன் செந்தூர்பாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஆறு வருசத்துல எத்தனையோ களவாணிப்பயலப் பாத்துட்டேன். சாவிய விட்டுட்டு வீட்டத் தூக்கிட்டுப் போனவன இப்பத்தான் கேள்விப்படுதேன்."

செந்தூர்பாண்டிக்கு வயது முப்பத்தாறு. பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டப் பிடிக்காமல் ஓடி வந்தவன். கடையில் வாயைத் திறந்தால் வாடிக்கை கெடும் என்று அடக்கி வைத்திருந்த பேச்சு முழுவதையும் இங்கே அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தான்.

"பாண்டி, வாய மூடு. நீங்க சொல்லுங்க" என்றாள் சங்கரம்மாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் இருபது வருடம் வேலை பார்த்தவள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மற்றவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியைத் தட்டிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்று அங்கே இன்றும் பேச்சு உண்டு.

பிலோமி சொன்னாள். திரேஸ்புரத்தில் கருவாடு விற்பவள். புருஷன் செத்த பிறகு வாடகை வீடு கைவிட்டுப் போயிற்று. படகு கட்டும் கொட்டகைச் சுவரோரம் இரண்டு வருடம், பிறகு மாநகராட்சிக் காப்பகத்தில் ஒரு பாய். அங்கேதான் 'கூரை' அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். வீடற்றோரே இல்லாத தூத்துக்குடி என்று பனியனில் அச்சடித்துப் போட்டிருந்தார்கள்.

"வேன்ல கூட்டிட்டுப் போனாவ. ஜன்னல் பூரா எங்க படத்தையே பெருசா ஒட்டி வச்சிருந்தாவ. வெளிய ஒண்ணும் தெரியல. சுத்திச் சுத்திப் போயி ஒரு வீட்டுக்கு முன்னால எறக்குனாவ. நானே கதவத் தொறந்தேன். நானே பால் காய்ச்சுனேன். கை தட்டுனாவ, போட்டோ எடுத்தாவ. ஃபினிஷிங் வேல கொஞ்சம் கெடக்கு, கூப்பிடுதோம்னாவ. ஏழு மாசமாச்சு."

"காப்பகத்துலயே இருக்கலாம்லா?"

"பத்துப் பன்னெண்டு நாளைக்கு முன்ன அங்கன பேர அடிச்சிட்டாவ. நீதான் வீட்டுக்காரியாச்சே, வீடு இருக்கவங்களுக்கு இங்க பாய் கெடையாதுன்னுட்டாவ." பிலோமி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப பஸ் ஸ்டாண்ட்ல இருக்கேன். உக்காந்துக்கிடலாம், படுக்க விட மாட்டாவ. பதினோரு நாளா எனக்கு முதுகு தரையில படல."

செந்தூர்பாண்டி பேனாவைத் திறந்து, பதினோரு நாள் என்று குறித்துக்கொண்டான். 

பிலோமியின் பையிலிருந்து மூன்று சாமான்கள் வெளியே வந்தன. ஒரு புகைப்படம், ஒரு சான்றிதழ், சணல் நூலால் கட்டிய ஒரு பொட்டலம்.

"இது என்ன?"

"உப்பும் மஞ்சளும். புது வீட்டுக்கு மொதச் சாமான்னு டிரைவர் கடையில வாங்கியாந்து குடுத்தாரு. என் சொந்தக் குசினியில வச்சுத்தான் பிரிக்கணும்னு வச்சிருக்கேன்."

செந்தூர்பாண்டி அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தான். அதன் கட்டில் ஏதோ ஒன்று அவனை உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

சங்கரம்மாள் சான்றிதழை வாய்விட்டுப் படித்தாள். "இத்துடன் வழங்கப்படும் சாவியால் திறக்கப்படும் வீடு, மேற்படி பயனாளிக்கே முழு உரிமையுடையது. ஒப்பம், ஜெயகணேஷ், நிறுவனர்." திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. "தெரு இல்ல, கதவு நம்பர் இல்ல, ஊர்கூட இல்ல. ரொம்பக் கெட்டிக்காரர்தான்."

பிறகு சாவியை எடுத்து மேஜையில் தட்டினாள். கணீர் என்றது.

"பாண்டி, இது வெளிநாட்டுப் பூட்டு. இந்தப் பூட்டு போடுதவன் வீட்டுக் கதவு தேக்காத்தான் இருக்கும். இலவச வீட்டுக்கு யார்ல தேக்குல கதவு போடுதது?"

*

'கூரை' அறக்கட்டளையின் அலுவலகம் கண்ணாடியும் குளிர்சாதனமுமாக இருந்தது. வாசல் நடைபாதையில் யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக நெருக்கி நெருக்கிப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பெரிய மின்பலகை. 'தூத்துக்குடியில் இன்று வீடற்றோர் எண்ணிக்கை: 0.' அதற்குக் கீழேதான் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். பிலோமி எதிர்க்கடை வாசலில் நின்றுகொண்டாள்.

"இவிய எங்க அக்கா. சிங்கப்பூர்ல நாலு கடை" என்று செந்தூர்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்து விட்டான். "அஞ்சாறு வீடு கட்டிக் குடுத்து புண்ணியம் தேடலாம்னு வந்திருக்காவ."

மக்கள் தொடர்பு அதிகாரி ஸ்டெபி எழுந்தே நின்றுவிட்டாள். இளநீர் வந்தது.

"மேம், சொல்லவே சங்கடமா இருக்கு. வீடில்லாத ஆளே இப்ப ஊர்ல ஸ்டாக் இல்ல. மார்ச்சோட ப்ராப்ளம் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்ச பெறகு யாராவது வந்து வீடு இல்லன்னு சொன்னா?"

"ஆப்ல அதுக்கு ஆப்ஷன் இல்ல மேம்." ஸ்டெபி வெள்ளந்தியாகச் சிரித்தாள். "பயனாளிங்களோட டச்லயேதான் இருக்கோம். நாப்பது பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. டெய்லி குட்மார்னிங் அனுப்புதேன். நாளைக்குக் காலைல வெளிநாட்டு டீம் வாராங்க, அவார்டு குடுக்க. நீங்களும் வரணும்."

சங்கரம்மாளின் காது இங்கே இருந்தாலும் கண் சுவரில் இருந்தது. நாற்பது குடும்பங்களின் பால் காய்ச்சும் படங்களை அகர வரிசையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நீலக் கதவு, மஞ்சள் கதவு, பச்சைக் கதவு. ஒவ்வொரு கதவின் வழியாகவும் உள்ளே மூன்று செங்கல் அடுப்பு, பனமட்டைத் தீ, பொங்கும் பால், கும்பிட்ட கைகள். படத்தின் மூலையில் தேதி இருந்தது.

அவள் சுவரோரம் நடக்க ஆரம்பித்தாள். முதலில் கடைசிப் படத்துக்குப் போனாள். அங்கிருந்து நடுவுக்கு, அப்புறம் இடது ஓரம், திரும்ப வலது ஓரம். புண்ணியம் தேடி வந்த அம்மாளுக்குத் தலை சுற்றுகிறதோ என்று ஸ்டெபி பயந்து போனாள்.

"எல்லாரும் பால் காய்ச்சியிருக்காவளே. நல்ல ஏற்பாடு" என்றாள் சங்கரம்மாள்.

"ஐயோ, அது எங்க பிளான்லயே இல்ல மேம். சாவி, போட்டோ, பத்து நிமிஷத்துல முடிக்கணும்னுதான் சார் சொன்னாங்க. இவங்க விட்டாத்தானே! பால் காய்ச்சாம உள்ள காலெடுத்து வைக்க மாட்டோம்னு வாசல்லயே நின்னுட்டாங்க. இந்துவும் அப்படித்தான், கிறிஸ்டியனும் அப்படித்தான். கேஸ் அடுப்பும் ஆகாதாம், மட்டையில தீ மூட்டணுமாம். சாரோட ஷெட்யூலே போச்சு."

"போச்சுதான்" என்று சங்கரம்மாள் ஒத்துக்கொண்டாள்.

*

வெளியே வந்ததும் எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னார்கள். செந்தூர்பாண்டிக்குப் பொறுமை இல்லை.

"என்னக்கா, அங்கனயும் இங்கனயும் நடந்து பாத்தியளே, என்ன தெரிஞ்சுது?"

"ரெண்டு விசயம். அறக்கட்டளைக்கு என்ன பேரு?"

"கூரை."

"நாப்பது படத்துல ஒண்ணுலயாவது கூரை பாத்தியா?"

செந்தூர்பாண்டி யோசித்தான். எல்லாப் படமும் கதவுக்கு மேல் நாலு விரலோடு முடிந்திருந்தது.

"போட்டோ எடுத்தவனுக்குக் கூரையக் காட்டக் கூடாதுன்னு உத்தரவு. ஏன்னா அதுக்கு மேல இன்னொரு மாடி இருக்கு. இலவச வீட்டுல மாடி ஏது? ரெண்டாவது, தேதிப்படி பாத்தேன். மொதப் படத்துல அடுப்புக்குப் பின்னால சுவரு வெள்ள வெளேர்னு இருக்கு. ரெண்டாவது ஆளு படத்துல ஒரு கை அளவு கரி. பத்தாவது படத்துல ஒரு சாண். பிலோமி படத்துல இடுப்பு உயரம். கடைசிப் படம் அனுசியான்னு ஒரு பொண்ணு. அது பால் காய்ச்சும்போது கரி ஜன்னல் வரைக்கும் ஏறிட்டு. புது வீட்டுல குடிபோற அன்னைக்கே எப்படில கரி பிடிக்கும்?"

பிலோமி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்போ…"

"நாப்பது வீடு இல்லம்மா. ஒரே வீடு. கதவுக்கு மட்டும் நாப்பது பெயின்ட். போட்டோவுக்கு மட்டும் மயங்குத ஊரா இருந்தா அந்த மனுசன் தப்பிச்சிருப்பாரு. நீங்கள்லாம் பால் காய்ச்சாம விட மாட்டோம்னு நின்னியள்லா, அதுல மாட்டிக்கிட்டாரு."

பிலோமிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் செந்தூர்பாண்டியை என்னவோ செய்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஒரு வீடாவது இருக்கா? எங்கன இருக்கு?"

 ஊரில் மாடி வைத்த வீடு ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. ஒவ்வொரு கதவிலும் சாவியை நுழைத்துப் பார்த்தால் அடுத்த வருஷம் வந்துவிடும், அல்லது அதற்கு முன்பே போலீஸ் வந்துவிடும்.

செந்தூர்பாண்டி திடீரென்று எழுந்தான். "அம்மா, அந்தப் பொட்டலத்தக் குடுங்க."

கையில் வாங்கி, முடிச்சை மூக்குக்கு நேராகப் பிடித்தான். "காலைல இருந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அக்கா, பலசரக்குக் கடையில வளந்தவனுக்குப் பொட்டலக் கட்டு கையெழுத்து மாதிரி. நாங்க நூல வலப்பக்கமாச் சுத்தி, வலப்பக்கமே சொருகுவோம். இது இடப்பக்கமாச் சுத்தி, இடப்பக்கமே சொருகியிருக்கு. கட்டுனவருக்கு இடது கை."

"ஊர்ல இடது கைக் கடைக்காரர் ஒருத்தர்தானா?"

"எத்தன பேரோ, தெரியாது. ஆனா சொருகுறதுக்கு முன்னால நூல மூணு முறுக்கு முறுக்குதவர் ஒருத்தர்தான். தருவைகுளம் ரோட்டுல சுடலைக்கண்ணன் அண்ணாச்சி. அவர்ட்ட ஒன்றர வருசம் வேல கத்துக்கிட்டேன். ரெண்டு முறுக்கோட விட்டா அந்த இடது கையாலயே மண்டையில கொட்டுவாரு." அவன் தன் தலையின் வலது பக்கத்தைத் தடவிக்கொண்டான். "இன்னும் இந்தப் பக்கம் முடி அடர்த்தி கம்மிக்கா."

*

ஆட்டோ உப்பளங்களைத் தாண்டிப் போய் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுடலைக்கண்ணன் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து யாருக்கோ சீரகம் கட்டிக்கொண்டிருந்தார். இடது கைதான், மூன்று முறுக்குத்தான்.

"ஏலே செந்தூரா! துப்பறியப் போயிட்டேன்னு உங்க அப்பன் சொல்லிட்டுத் திரியுதான். எதையாவது கண்டுபிடிச்சியால?"

"உங்களக் கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி. இந்தப் பொட்டலம் உங்க கட்டுத்தானே?"

அண்ணாச்சி பார்த்தார். முகம் மாறியது. எட்டிப் பார்த்து, கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ஏலே, இத எதுக்கு இங்கன கொண்டாந்த? அந்த வீட்டுப் பொட்டலம்லா இது. பிப்ரவரி மாசம் ஒரு டிரைவர் பய வருவான். அண்ணாச்சி, புது வீடு, பால் பாக்கெட் குடுங்கம்பான். புது வீடுன்னு சொன்னா உப்பும் மஞ்சளும் சும்மா குடுக்கது நம்ம கடை வழக்கம், உனக்குத் தெரியும்லா. குடுத்தேன். மறுநாளும் வந்தான். அதே வீடு. அன்னைக்குச் சாயங்காலமும் வந்தான். அதே வீடு! மூணு வாரத்துல நாப்பது மட்டம் பால் காய்ச்சுனானுவ. நீயே சொல்லு, ஒரு வீட்டுல நாப்பது மட்டம் பால் காய்ச்சணும்னா அதுக்குள்ள என்ன உக்காந்திருக்கணும்?"

"என்ன அண்ணாச்சி உக்காந்திருக்கு?"

"பேயி. வேற என்ன? அன்னையில இருந்து பொழுது சாஞ்சா நான் அந்தப் பக்கம் போறதில்ல." அவர் கையைக் காட்டினார். "அந்தா, கடலப் பாத்து நிக்கில்லா, மாடி வீடு. ஜெயகணேஷ்னு ஒரு ஆளு தனியா இருக்காரு. எப்படித்தான் இருக்காரோ!"

*

கதவு இப்போது கறுப்பாக இருந்தது. செந்தூர்பாண்டி அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். கறுப்புக்குக் கீழே ரோஸ், ரோஸுக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம்.

"நாப்பது மட்டம் கதவுக்குக் கலர் மாத்துன மனுசனுக்கு, ஒரு பூட்ட மாத்தணும்னு தோணலியே."

"போட்டோவுக்கு அவியளே தொறக்கணும்ல. அதுக்காக நாப்பது சாவி போட்டிருக்காரு. திரும்பி வர வழி தெரிஞ்சாத்தானே பயம்" என்றாள் சங்கரம்மாள். "பிலோமி, தொறங்க."

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டு சாவியை நுழைத்தாள். ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பியது. உள்ளே குளுகுளுவென்று ஒரு கூடம், பளிங்குத் தரை, யானைத் தந்த நிறத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். அவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

மாடியிலிருந்து 'கூரை' நிறுவனர் ஜெயகணேஷ் இறங்கி வந்தார். கையில் நாளைய உரைக்கான தாள்கள். பிலோமியைப் பார்த்ததும் அவருக்கு முகம் ஞாபகம் வரவில்லை, கதவு திறந்திருந்தது மட்டும்தான் உறைத்தது.

"யார் நீங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

"சாவி போட்டுத்தான் சார்" என்றான் செந்தூர்பாண்டி. "நீங்க எப்படி உள்ள இருக்கிய?"

சங்கரம்மாள் சான்றிதழைக் காட்டினாள். கரிக் கதையைச் சொன்னாள். பெரிய மனிதர்கள் குட்டு உடைந்ததும் செய்வதை ஜெயகணேஷ் உடனே செய்தார். குரலைத் தாழ்த்திக் கொண்டு தத்துவத்துக்குள் புகுந்தார்.

"மேடம், நீங்க படிச்சவங்க. வீடுங்கறது வெறும் செங்கல் இல்ல, ஒரு உணர்வு. அந்த உணர்வ நாற்பது பேருக்குக் குடுத்திருக்கேன். இது ஒரு மாடல் வீடு. இதக் காட்டித்தான் நிஜ வீடு கட்டணும். எல்லாரும் குடியேறிட்டா மாடல் கெட்டுப் போயிடும்ல?"

"ஒருத்தர் குடியேறலாமோ?"

"நான் பாத்துக்கறதுக்காக இருக்கேன்." பேச்சு எடுபடவில்லை என்று தெரிந்ததும் அவர் போனை எடுத்தார். "அத்துமீறி நுழைஞ்சிருக்கீங்க. போலீஸக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க" என்றாள் சங்கரம்மாள். "நாங்க ரெண்டு பேரும் வெளிய நிக்கோம். பிலோமி உள்ளயே இருக்கட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் ஜெஸ்டின் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு சான்றிதழை வாங்கி நிதானமாகப் படித்தார். திறந்த கதவில் தொங்கிய சாவியைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"சார், இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா, ஆனா அது ஒரு…"

"இந்தச் சாவியால தொறக்குத வீடு இந்தம்மாவுக்குச் சொந்தம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கிய. சாவி தொறக்கு. அப்ப அத்துமீறல்னு நான் எப்படி எழுத?"

"அது பொய்… அதாவது, அது ஒரு அடையாளச் சான்றிதழ் சார்!"

"சரி. பொய்யின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அத வச்சு அந்தம்மாவ வெளியேத்துதேன். ஆனா இது பொய்யின்னா மத்த முப்பத்தொம்பதும் பொய்யி. அதுக்குத் தனியா ஒரு கேஸ் போடணும். பரவாயில்லையா?"

ஜெயகணேஷின் முகத்தில் ஈயாடவில்லை. முகவரி எழுதாமல் விட்டது தான் செய்த மகா சாமர்த்தியம் என்று ஏழு மாதமாக மகிழ்ந்துகொண்டிருந்த மனிதர். சங்கரம்மாளைத் தனியே அழைத்தார்.

"கோர்ட்டுக்குப் போனா இந்தப் பேப்பர் ஒரு நாள் நிக்காது மேடம். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கோர்ட்டுக்குப் போங்க. தேதி குடுக்க எப்படியும் கொஞ்ச நாளாகும். அது வரைக்கும் அந்தம்மா இங்கதான் இருப்பாவ."

"நாளைக்குக் காலைல வெளிநாட்டு டீம் வருது. அது போற வரைக்குமாவது…"

"அதுவும் தெரியும் சார்" என்று இடையில் புகுந்தான் செந்தூர்பாண்டி. "பிலோமியம்மா போன்ல இருந்து உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு லொகேஷன் போட்டுட்டேன். முப்பத்தொம்பது பேரும் சாவியோட விடியக்காலையே கெளம்புதாவளாம். ஸ்டெபி மேடம் கட்டவெரல் படம் போட்டிருக்காவ. என்னன்னு பாக்காமலே போட்டிருப்பாவ போல. டீம் வரும்போது வீடு நெறஞ்சு கெடக்கும்."

அதுவரை தாங்கியிருந்த ஜெயகணேஷுக்கு இதைத் தாங்க முடியவில்லை. வாசல் முற்றத்தில் நின்று கைகளை விரித்து, கடல் வரை கேட்கும்படி கத்தினார். "இது என் வீடு சார்! நான் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு! நான் இப்ப எங்க போய்ப் படுப்பேன்?"

செந்தூர்பாண்டிக்கு இதற்கு ஏழெட்டுப் பதில் தயாராக இருந்தது. நல்ல ஒன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டே கதவு வழியாக உள்ளே பார்த்தான். பார்த்ததும் பதிலை விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றான். 

இவர்கள் பேசிய எதையும் பிலோமி கேட்கவில்லை. சோபா இருந்தது, அதில் உட்காரவில்லை. கட்டில் இருந்த அறைப் பக்கம் போகவில்லை. கூடத்து நடுவில், வெறும் தரையில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கைகால்களை நீட்டி மல்லாந்து கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெஸ்டினும் எட்டிப் பார்த்தார்.  பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு ஜெயகணேஷிடம் திரும்பினார்.

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வீட்டுக்காரம்மா தூங்குதாவ."